பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பொருத்தமான சாமான்



தோட்டத்து வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்பதைக் காணலாம். அப்பா வேலைக்கு ஓட்டிய வண்டியாக இருக்கும். அதை மீண்டும் ஓட வைக்க மகன் ஆசைப்படுவான். அப்போது எழும் முதல் கேள்வி, சாமான் எங்கே கிடைக்கும் என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, கிடைத்த சாமான் பொருந்துமா என்பது.

சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே, ரோச்சோர் கால்வாயை ஒட்டி, சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930களில் தோன்றிய சந்தை அது. 'திருடர் சந்தை' என்ற பட்டப் பெயரும் அதற்கு உண்டு. பழைய கருவிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் தரையில் பரப்பி விற்றார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் அந்தச் சந்தை மூடப்பட்டது. இத்தகைய சந்தையில் தேய்ந்த சாமானைக் கையில் வைத்து, கிடைத்ததோடு ஒத்துப் பார்த்து வாங்கலாம். இன்றோ படத்தைப் பார்த்துத் தூரத்துக் கடையிலிருந்து தருவிக்கிறோம். ஆகவே, முன்பு கையும் கண்ணும் செய்த வேலையை இப்போது அளவும் எண்ணும் செய்ய வேண்டும்.

முதலில், வண்டியின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஹோண்டா சி50, சி70, சி90 ஆகிய மூன்றும் பார்வைக்கு உடன்பிறந்தவை போல இருக்கும். ஆனால் பிஸ்டனின் குறுக்களவு சி50க்கு 39 மில்லிமீட்டர், சி70க்கு 47, பழைய சி90க்கு 50. சிலிண்டர் தேய்ந்து போர் அடித்திருந்தால், 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் உள்ளே இருக்கக்கூடும். பழைய பிஸ்டனின் தலையில் அந்த எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரை அளக்காமல் புதிய பிஸ்டன் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, மரை. ஜப்பான் வண்டிகளின் மரை மில்லிமீட்டர் கணக்கு. பழைய ஆங்கிலேய வண்டிகளில் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டின் தடிப்பு 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றின் நட்டு மற்றதில் ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரை வைத்து முறுக்கினால் மரை அறுந்துவிடும். எனவே, கையால் சுலபமாக ஏறாத நட்டைப் பலவந்தமாக ஏற்றக்கூடாது.

மூன்றாவது, பேரிங். அதன் ஓரத்தில் எண் இருக்கும். 6201, 6301 இரண்டுக்கும் உள்துளை 12 மில்லிமீட்டர்தான். ஒரே அச்சில் இரண்டும் ஏறும். ஆனால் வெளிவிட்டம் முன்னதற்கு 32, பின்னதற்கு 37. அச்சில் ஏறியதை மட்டும் பார்த்து வாங்கியவர், சக்கரத்தின் குடத்தில் அது உட்காராதபோது விழிப்பார். செயினும் அப்படியே. 420, 428 இரண்டுக்கும் கண்ணிக்குக் கண்ணி தூரம் 12.7 மில்லிமீட்டர், ஆனால் உள் அகலம் வேறு. 420 பல்சக்கரத்தில் 428 செயின் ஏறும், ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஆடும்.

இதில் பணம் மட்டும் வீணாவதில்லை. பிரேக் ஷூவை எண்ணிப் பாருங்கள். டிரம்முக்குச் சற்றுச் சிறிய ஷூவைப் போட்டு, திருகைக் கூட்டிவைத்தால், வீட்டு வாசலில் வண்டி நிற்கும். மழை பெய்த மலைச்சரிவில், பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அந்த ஷூ முழுமையாகப் பிடிக்காது. பிரேக், சக்கரம், ஸ்டீயரிங் ஆகிய மூன்றிலும், ஏறக்குறையப் பொருந்தும் சாமான் பொருந்தாத சாமானே. தகடு சுற்றி இறுக்குவதும், அரத்தால் ராவி நுழைப்பதும் அங்கே ஆகாது.

எனவே, வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சட்ட எண், எஞ்சின் எண், பேரிங் எண்கள், செயின் எண், பல்சக்கரத்தின் பற்கள், பல்பு 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பவற்றை எழுதுங்கள். ஹோண்டாவின் சாமான் எண் மூன்று பகுதி கொண்டது. முதல் பகுதி என்ன சாமான் என்பதையும், நடுப்பகுதி அது முதலில் எந்த வண்டிக்கு வடிக்கப்பட்டது என்பதையும் காட்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கினால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே அளந்து எழுதிவிடுவார்கள்.

புதிய சாமான் வந்து, மாட்டி, ஓட்டிப் பார்த்து, சரியென்று தெரியும்வரை பழையதை எறிய வேண்டாம். எடைக்குப் போட்டால் சில காசு வரும். வைத்திருந்தால் அதுவே உங்கள் அளவுகோல்.