ஏரியலும் எர்த்தும்

1939-ஆம் ஆண்டு திருச்சி வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்து வால்வுப் பெட்டியின் பின்புறம் இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று ஏரியலுக்கு, மற்றொன்று எர்த்துக்கு. மாடியில் ஏரியல் கட்ட ஆர்வம் காட்டியவர் பலர், எர்த்துக் கம்பியைச் சன்னலில் முறுக்கி அமைந்தனர். இளமையில் நானும் அவருள் ஒருவனே.

இன்று உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி அன்பர்கள் மாடியில் கம்பம் நாட்டுகின்றனர். அக்கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் இருத்தல் வேண்டும். மதுரைச் சமவெளியில் இடி மிகும் சித்திரை, வைகாசியிலேயே மண்ணும் வறண்டு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. ஆதலின் நாகம் பூசிய இரும்புக் குழாயை 2.5 மீட்டர் ஆழம் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீர் ஊற்றி வருவர். கம்பத்தினின்று இறங்கும் கம்பி தடித்ததாயும், கூரிய வளைவு அற்றதாயும் இருப்பது நன்று. வளைவில் மின்னல் சுவருக்குத் தாவிவிடும். வீட்டு மின்சார எர்த்தையும் இதனோடு இணைத்தல் இன்றியமையாதது. இன்றேல் இரண்டிற்கும் இடையே எழும் அழுத்த வேறுபாடு, பெட்டியைத் தொட்டிருப்பவர் உடல் வழியே பாயும்.

இத்தனைக்குப் பின்னும் நேரே விழும் மின்னலுக்கு உறுதி கூற இயலாது. தொலைவில் முகில் கருக்கும்போதே ஏரியலைப் பெட்டியினின்று கழற்றிவிடுங்கள். இடி கேட்கத் தொடங்கியபின் அக்கம்பியைத் தொடலாகாது.