சிறுநீரக நோயும் நாங்கள் சேர்த்த காசும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் எங்கள் வகுப்பின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பழைய மாணவிகளின் மருத்துவ உதவிகள் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் எங்கள் வகுப்பைக் கேட்டார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: சிறுநீரக நோயாளருக்குத் தனியார் வைத்தியசாலையில் செய்விக்கும் சிகிச்சை. நாங்கள் ஆகக்கூடிய காசு செலவழித்தது அதில்தான். ஆகக்கூடிய பிழை விட்டதும் அதில்தான். எங்களில் வைத்தியர் ஒருவரும் இல்லை. ஒருவர் ஓய்வுபெற்ற தாதி, இருவர் வங்கியில் இருந்தவர்கள், மற்றவர்கள் ஆசிரியைகளும் குடும்பத்தலைவிகளும். ஆகையால் மருந்து சொல்ல நாங்கள் வரவில்லை. காசு கொடுப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

எங்கள் வகுப்புத்தோழி ஒருத்திக்கு இருபது வருடமாக நீரிழிவு. குளிசை தவறாமல் எடுத்தாள், மாதாமாதம் சீனி பார்த்தாள். சலத்தில் அல்புமின் போகிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கால் வீங்கியபோது வகுப்பில் நின்று படிப்பிப்பதால் வந்த வீக்கம் என்று நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். ஓர் இரவு மூச்சு முட்டி, தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் குழாய் போட்டு, விடிவதற்குள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். உயிர் தப்பியது அதனால்தான். அதை மறுக்க எங்களுக்கு உரிமையில்லை.

அடுத்த நாள் வட்ஸ்அப்பில் செய்தி போனது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் மூன்று நாளில் காசு வந்து சேர்ந்தது. ஊரில் இருந்தவர்கள் சீட்டுக் காசையும் போட்டார்கள். அந்த மூன்று நாளும் எங்களைப்பற்றி எங்களுக்கே பெருமையாக இருந்தது.

கிழமைக்கு இரண்டு முறை, சில கிழமைகளில் மூன்று முறை, கூட்டிப்போய்க் கூட்டிவந்தோம். மூன்றாம் மாதம், இயந்திரத்தில் இருக்கும்போதே குளிர்நடுக்கம் எடுத்தது. கழுத்துக் குழாய் வழியே கிருமி இரத்தத்துக்குப் போயிருந்தது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்கள், சேர்த்த காசில் பாதியை விழுங்கின. அங்கே வந்து பார்த்த சிறுநீரக நிபுணர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் இன்னும் கையில் பிஸ்டுலா செய்யவில்லை?" எங்களில் ஒருவருக்கும் அந்தச் சொல்லே தெரியாது. தாதியாக இருந்தவர்கூடப் பிள்ளைப்பேற்று விடுதியில் காலம் கழித்தவர். முதல் வைத்தியசாலையின் பெயரை நாங்கள் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டை மட்டும் ஒழுங்காகத் தந்தார்கள்.

அந்தச் சொல்லில் சற்று நிற்போம். போலந்திலும் பிரான்சிலும் ஜேர்மன் படைகள் நின்ற காலத்தில், அவர்கள் பிடித்து வைத்திருந்த இன்னொரு நாடான நெதர்லாந்தின் கம்பன் நகரில், வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் 1943இல் முதல் இயந்திரத்தைச் செய்தார். இறைச்சிக் குழல் சுற்றப் பயன்படும் செலோபேன் தோல்தான் அவருடைய வடிகட்டி. அவருடைய கையில் முதல் ஆள் பிழைத்தது 1945இல். அறுபத்தேழு வயதான ஒரு பெண். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் வெட்டித் திறக்கவேண்டியிருந்தது. சில முறைக்குப் பின் திறக்க இடமிராது. அதனால் சில நாளில் தானாகத் தேறிவிடக்கூடியவர்களுக்கே அந்த இயந்திரம் உதவியது. 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர், கையிலேயே விட்டுவைக்கும் ரெஃப்லோன் குழாயைக் கண்டுபிடித்தார். அன்றுதான் சிறுநீரகம் முற்றாக நின்றவர்கள் வருடக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள். கட்டில்கள் போதாமல், யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவுசெய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அந்நகரில் அமைத்தார்கள். அந்தக் கதையை வாசித்த இரவு எங்களில் சிலருக்குத் தூக்கம் வரவில்லை. 1966இல் நியூயோர்க் வைத்தியர்கள் பிறெஸ்சியாவும் சிமினோவும் குழாயே வேண்டாம் என்று காட்டினார்கள்: மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்துவிட்டால், நாளம் தடித்து, ஊசி போடத் தகுந்த பாதையாகிவிடும். அதுதான் பிஸ்டுலா.

அது முற்ற ஆறு கிழமை முதல் இரண்டு மூன்று மாதம் வரை எடுக்கும். ஆகவே சிறுநீரகம் நிற்கப்போகிறது என்று தெரிந்த உடனேயே, இயந்திரத்துக்குப் போகுமுன், அதைச் செய்துவைக்கவேண்டும். அதுவரை எழுதாத கையின் நாளங்களைக் காப்பாற்றவேண்டும். அந்தக் கையில் இரத்தம் எடுக்கவிடக்கூடாது, சேலைன் ஏற்றவிடக்கூடாது. செய்தபின் அந்தக் கையில் பிரசரும் பார்க்கக்கூடாது, பாரமும் தூக்கக்கூடாது, இறுக்கமான காப்பும் போடக்கூடாது. எங்கள் தோழி இடது கைக் காப்புகளைக் கழற்றி மகளிடம் கொடுத்தபோது அழுதாள். கழுத்தில் குழாய் போட்டபோது அழாதவள்.

இனித் தனியார் சிகிச்சை என்றால் என்ன வாங்குகிறோம் என்று பார்ப்போம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் பலர், காசு கொடுத்தால் வேறு வைத்தியர், மேலான வைத்தியர் கிடைப்பார் என்று எண்ணுகிறார்கள். இலங்கையில் நிலைமை பெரும்பாலும் அப்படியல்ல. பின்னேரம் சனல் பண்ணிப் பார்க்கும் நிபுணர்தான் காலையில் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கிலும் இருக்கிறார். நாங்கள் காசுக்கு வாங்குவது நேரத்தை, வரிசையில் நில்லாமையை, இயந்திரம் காலியாக இருக்கும் ஒரு கட்டிலை. அவசரத்தில் அவை பெரிய விடயங்கள். ஆனால் ஒன்றை வாங்கமுடியவில்லை: இரண்டு வருகைக்கு இடைப்பட்ட நாட்களில் இந்த நோயாளி யாருடைய பொறுப்பு என்பதை. கிளினிக்கில் ஒரு கொப்பி இருக்கிறது, அதில் போன மாதத்துக் கிரியற்றினினும் ஈமோகுளோபினும் இருக்கின்றன. தனியாரிடத்தில் ஒவ்வொரு சிட்டையும் ஒவ்வோர் உறைக்குள். நாங்கள் எங்கள் தோழிக்காக முதலில் செய்த உருப்படியான வேலை, ஆறு ரூபாய்ப் பெறுமதி கூட இல்லாதது: எல்லாச் சிட்டைகளையும் திகதி வாரியாக ஒரு கோப்பில் போட்டோம்.

இன்னொன்று, காசு முடியும், நோய் முடியாது. சாதாரணமாகக் கிழமைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் என்பதே உலகில் பழகிய முறை. எங்கள் நாட்டில் பலருக்கு இரண்டு முறைதான் கிடைக்கிறது. மூன்றென்றால் வருடத்துக்கு 156 தடவை. மூன்று நாளில் சேர்ந்த காசை இந்த எண்ணால் பிரித்துப் பார்த்திருந்தால், முதல் கிழமையிலேயே அரசாங்க வைத்தியசாலையில் பெயரைப் பதிந்திருப்போம். வங்கியில் இருந்த இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். ஒருவருக்கும் பிரிக்க மனம் வரவில்லை.

இப்போது அவள் யாழ்ப்பாணத்தில் அரசாங்கப் பிரிவில்தான் சுத்திகரிப்புச் செய்கிறாள். சிகிச்சை இலவசம். இலவசமில்லாதவை: போக வர வாகனம், கூட வருபவரின் ஒருநாள் சம்பளம், வெளியில் செய்யச் சொல்லும் பரிசோதனை, கையிருப்பில் இல்லாதபோது வாங்கும் எரித்ரோபொயெற்றின் ஊசி. 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில், எங்களில் ஒருத்தியின் மகன் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் நின்றுதான் அவளை ஏற்றி இறக்கினான். தனியார் கட்டிலுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு, இந்தச் சில்லறைச் செலவுகளில் ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் தாங்கும். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்களைப் பிரிவின் வாசலில் கண்டபிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது.

தனியாரிடம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அரசாங்கத்தில் இடம் கிடைக்கும்வரை போகத்தான் வேண்டும். போனால், கேளுங்கள். பிஸ்டுலா எப்போது, யார் செய்வார்? கழுத்துக் குழாய் எத்தனை கிழமைக்கு? ஒரு முறை சுத்திகரிக்க ஏறக்குறைய 120 லீற்றர் நீர் நோயாளியின் இரத்தத்துக்குப் பக்கத்தால், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. சுண்ணக்கல் நிலத்து நீரைக் குடிக்கும் நாங்கள், அந்த நீரைச் சுத்திகரிக்கும் தொகுதியை யார், எப்போது பரிசோதிக்கிறார் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈரல் அழற்சி பி உள்ளவர்களுக்கு வேறு இயந்திரமா? தடுப்பூசி போட்டாயிற்றா? வீட்டிலேயே வயிற்றறைக்குள் திரவம் விட்டு எடுக்கும் முறை இவருக்குப் பொருந்துமா? அது நாளுக்கு நான்கு முறை மாற்றவேண்டிய வேலை. ஆனால் தூர இடத்தில் இருப்பவருக்குப் பஸ்ஸை மிச்சப்படுத்தும். கேள்வி கேட்டால் கோபிக்கும் இடம் என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

உணவைப்பற்றி நீளமாகச் சொல்ல நேரமில்லை, ஒன்றைத் தவிர. நோயாளரைப் பார்க்கப் போகும்போது இளநீரும் வாழைப்பழமும் கொண்டுபோவது எங்கள் வழக்கம். சிறுநீரகம் நின்றவருக்கு அவற்றில் உள்ள பொற்றாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது. நட்சத்திரப்பழம் இன்னும் மோசம். அதனால் சிறுநீரகம் பழுதானவர்களை இலங்கை வைத்தியர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். முழங்கால் நோவுக்குப் பாமசியில் தாங்களாகவே வாங்கும் டைக்ளோபெனாக் குளிசையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு கதை உண்டு: இது மதவாச்சி, பதவியாப் பக்கத்து நோய் என்று. 1990களில் வட மத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் கண்டறியப்பட்டதும், வவுனியாவின் சில பகுதிகளிலும் அது இருப்பதும் உண்மை. பொலன்னறுவையில் 2021இல் சீன உதவியோடு சிறுநீரகத்துக்கென்றே தனி வைத்தியசாலை திறக்கப்பட்டதும் அதனால்தான். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் காரணம் தெரிந்த நோய்: நீரிழிவும் பிரசரும். இரண்டு சிறுநீரகங்களின் வேலை பாதியாகக் குறையும்வரை கிரியற்றினின் அதிகம் அசையாமல் இருக்கலாம். அதனால்தான் சலத்தில் அல்புமினும், கிரியற்றினினிலிருந்து கணக்கிடும் ஈ.ஜி.எப்.ஆர். என்ற எண்ணும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்கவேண்டும். அந்த எண் மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் நிபுணரிடம் போகும் நேரம் அது. சனல் பண்ணுவதற்குக் காசு செலவழிக்க உகந்த வேளையும் அதுவே. 15க்குக் கீழே போனபின் அல்ல. வரும் வருடத்திலிருந்து எங்கள் வகுப்பு நிதியில் முதல் செலவு, நீரிழிவுள்ள பழைய மாணவிகளுக்கும் இளைப்பாறிய ஆசிரியைகளுக்கும் இந்த இரண்டு பரிசோதனைகளும்தான்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி நீங்கள் கேட்பீர்கள். எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். "ஆள் இருக்கு, காசு அனுப்புங்கோ" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அனுப்பவேண்டாம். குடும்பத்துக்குள் கொடுப்பதென்றால், ஒன்றைக் கவனித்தோம். எங்கள் தோழிக்கு மகளும் உண்டு, மகனும் உண்டு. இருவரும் திருமணமானவர்கள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லோரும் மகள் கொடுப்பாள் என்றே பேசினார்கள். மகனின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. உலகெங்கும் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்கள் கூட, பெறுபவர்களில் ஆண்கள் கூட என்று பிற்பாடு வாசித்தோம். பெண்கள் கல்லூரியில் படித்தவர்கள் நாங்கள். மகளுக்கு அப்போது கைக்குழந்தை. தோழியே அவளை மறித்து, "இனி இதைப்பற்றி என்னுடைய வீட்டில் கதைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து மகன் தானாகவே போய்ப் பரிசோதனை செய்தான். அவனுக்கும் நீரிழிவு தொடங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியவந்தது. அவன் இப்போது வருடாவருடம் அல்புமின் பார்க்கிறான்.

இந்த உரையை எழுதிமுடித்து அவளிடம் வாசித்துக் காட்டினோம். கழுத்துக் குழாய்ப் பகுதியைக் கூட்டிச் சொல்லுங்கள், காப்புப் பகுதியைக் குறைத்துச் சொல்லுங்கள் என்றாள். முதலாவதைச் செய்தோம், இரண்டாவதைச் செய்யவில்லை. அவள் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறாள். இன்று சனிக்கிழமை, அவளுடைய முறை ஒரு மணிக்கு. இப்போது பன்னிரண்டு ஐந்து. வாகனம் வெளியில் நிற்கிறது, எங்களில் இருவர் அவளோடு போகவேண்டும். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மண்டபத்து வாசலில் இருப்போம். பரிசோதனைக்குப் பெயர் பதிய விரும்புபவர்கள் அங்கே வாருங்கள்.