சட்டத்திற்குக் கண் வேண்டும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சட்டம் இயற்றுவது ஒரு நாள் வேலை. அதை நடத்தி வைப்பது பல்லாண்டு வேலை. பல நாடுகளுக்குப் பொதுவான சட்டமாயின் தொல்லை இன்னும் பெரிது. ஒவ்வோர் அரசும், 'யாவும் செவ்வனே நடைபெறுகின்றன' என்று தானே எழுதிக்கொண்டால் மெய்யை அறிபவர் யார்?

ஐரோப்பிய மன்றத்து நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. வட்டார மொழிகளையும் சிறுபான்மை மொழிகளையும் காக்க 1992-இல் அவை ஒரு சாசனம் வகுத்தன. 1998-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதனை ஏற்ற நாட்டுக்கு ஒருவராக அமைந்த நிபுணர் குழு, அரசு அனுப்பும் அறிக்கையைப் படிப்பதோடு நில்லாமல் நேரிலும் செல்கிறது, அம்மொழி பேசுவோரின் சங்கங்களைக் கேட்கிறது, குறைகளை எழுதுகிறது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆயினும் குறை அச்சேறி ஊரறிந்துவிட்டால், அதைப் புறக்கணிப்பது எந்த அரசுக்கும் எளிதன்று.

நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லைக் கோட்டை எங்கே இழுத்தாலும் இரு புறமும் சிறுபான்மையர் இருக்கவே செய்வர்.

அத்தகையோர்க்காகவே 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி என்னும் விதிகள் சேர்க்கப்பட்டன. முன்னது, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்யுமாறு மாநிலங்களுக்குக் கூறுகிறது. பின்னது, மொழிச் சிறுபான்மையினர் நலனை ஆராய ஓர் அதிகாரியை நியமிக்கச் செய்கிறது. 1957-இல் அலகாபாத் உயர்நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக் முதல் ஆணையர் ஆனார். ஆணையரின் அறிக்கை குடியரசுத் தலைவருக்குச் சென்று, பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அங்கே நிபுணர் குழு செய்வதை இங்கே இப்பதவி செய்யவேண்டும்.

எத்தனை பிள்ளைகள் இருந்தால் தாய்மொழி வகுப்புக் கேட்கலாம்? 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி வகுத்த அளவு இது: ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர்.

அன்பர்களே, பதிவேட்டில் ஏறாத மூட்டைக்கு ரயில்வேயில் ரசீது இல்லை. பட்டியலில் ஏறாத பிள்ளைக்கும் வகுப்பு இல்லை. ஆகவே வீடு வீடாகச் சென்று, தமிழ் கற்க விரும்பும் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். பெற்றோர் கையொப்பத்துடன் பள்ளிக்கும் கல்வி அதிகாரிக்கும் விண்ணப்பிப்போம். பயனில்லையேல் ஆணையருக்கு எழுதுவோம்.

நமக்குச் சோறிடும் தெலுங்கு மண்ணோடு நமக்குப் பிணக்கில்லை. நம் பிள்ளைகள் தெலுங்கையும் நன்றாகக் கற்கட்டும். ஓசூரில் வாழும் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் இவ்விதிகளே துணை. ஆனால் ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் பிறரிடம் கொடுத்துப் படிக்கக் கேட்கும் நிலை வரலாகாது. சட்டம் நம்மைக் காண வேண்டுமாயின், நாம் இருக்கிறோம் என்று முதலில் நாம் எழுதியாக வேண்டும்.