கழுநீரும் கழிவுநீரும்



அரிசி களைந்த நீரைக் கழுநீர் என்கிறோம். அது மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. குளித்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் கொல்லைப்புறத்து வாழைக்குப் போயின. இவற்றை யாரும் கழிவு என்று கருதியதில்லை. இன்றைய அரசாங்கத் தாள்களிலோ இவையும் கழிப்பறையினின்று வரும் நீரும் 'கழிவுநீர்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளனுக்கு இது வசதியே. ஆனால் சொல்லில் கலந்தவை குழாயிலும் கலந்துவிட்டால் ஊருக்குத் தொல்லை.

தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அங்கே இல்லை. சுவர்ணமுகியும் நீவாவும் மழையை நம்பிய ஆறுகள். கிணறு, ஏரி, ஆழ்குழாய் இவையே சிற்றூர்களின் உயிர்நிலை. குடத்தில் நீர் சுமந்த காலத்தில் வீணாக வழிந்தோட நீர் ஏது? 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், வீட்டுக் குழாயில் ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் தருவதை இலக்காகக் கொண்டது. ஐவர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் பத்தில் ஏழு பங்கு வெளியேறும் என்று கொண்டால், 200 வீடுகள் உள்ள ஊரில் ஒரு நாளைக்கு 38,000 லிட்டருக்கு மேல் ஆகிறது. தெருவில் விட்டால் சேறும் கொசுவும். ஓடை வழியே விட்டால் ஏரியில் பாசி.

குளியலறை, சமையலறை நீருக்கு உறிஞ்சுகுழி போதும். முதலில் ஒரு சிறு தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் தங்கவேண்டும். பிறகு கல்லும் செங்கல் துண்டும் நிரப்பிய குழியில் நீர் இறங்கவேண்டும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 'சுஜலாம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, 100 நாட்களில் 10 லட்சம் உறிஞ்சுகுழிகள் அமைக்கத் திட்டமிட்டது. குழிகளை எண்ணுவது எளிது. வண்டலை அவ்வப்போது வாரி அவற்றை அடைபடாமல் காப்பதன்றோ அரிது! மேலும், அடியில் கரும்பாறை உள்ள இடத்தில் குழி நீரை உறிஞ்சாது. அங்கே வாழைப்பாத்தியே மேல்.

கழிப்பறை நீரின் கதை வேறு. அதற்கு இரட்டைக் குழி சிறந்தது. ஒன்று நிறைந்ததும் அதை மூடி, அடுத்ததில் விடுவார்கள். மூடிய குழியில் இருப்பது ஓராண்டு, ஈராண்டில் மக்கி, நாற்றமற்ற உரமாகிவிடும். ஆனால் குளித்த நீரை இதில் விட்டால் குழி விரைவில் நிறையும், மக்குவதும் கெடும். குழிக்கும் கிணற்றுக்கும் 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பர். பாறைப் பிளவுகள் உள்ள நிலத்தில் அதுவும் போதாது. பிளவு வழியே ஓடும் அழுக்கை மண் வடிகட்டுவதில்லை.

வசதியுள்ளோர் இரட்டைக் குழியை விடுத்து, செப்டிக் டாங்க் என்னும் பெருந்தொட்டியை நாடுகின்றனர். அது நிறைந்தால் அள்ளுவது யார்? 2018 பிப்ரவரியில், பலமனேரை அடுத்த மொரம் என்னும் சிற்றூரில், கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர் எழுவர் மூச்சுத் திணறி மாண்டனர். தக்க பாதுகாப்பின்றி மனிதரை இத்தகைய தொட்டியில் இறக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 2013-லேயே இயற்றப்பட்டிருந்தது. தொட்டியின் அடியில் திரளும் நச்சு வாயு சட்டத்தை அறியாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரையும் அது விடுவதில்லை.

ஊர் முழுவதற்கும் பொது ஏற்பாடு வேண்டுமெனில், ஆழம் குறைந்த குளங்களை அடுத்தடுத்து வெட்டி, நீரைப் பல நாள் தேக்கிவைக்கலாம். வெயிலில் பாசி வளர்ந்து பிராணவாயுவைத் தரும். அதைக்கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும். மின்சாரம் வேண்டா, இயந்திரம் வேண்டா. நிலமும் கரையைப் பேணும் ஆளும் வேண்டும். அந்த ஆளுக்குரிய சம்பளத்தை ஊராட்சி மாதந்தோறும் கொடுக்கவேண்டும். பல திட்டங்கள் தளர்வது இங்கேதான்.

இது ஆந்திரத்து ஊர்களின் கவலை மட்டுமன்று. சித்தூர் வழியே வரும் நீவா, தமிழ்நாட்டில் பொன்னையாறு என்னும் பெயருடன் பாலாற்றில் கலக்கிறது.

வெளிமாநிலத்தில் உழைத்துச் சொந்த ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பும் நேயர்கள் பலர் இருப்பீர்கள். வீட்டின் வரைபடம் வந்ததும் முகப்பையும் பூசையறையையும் பார்ப்பதோடு, குழி எங்கே, கிணறு எங்கே, இரண்டு நீருக்கும் தனித்தனிக் குழாய் உண்டா என்று கொத்தனாரிடம் கேளுங்கள். கடைக்கால் தோண்டுமுன் கேட்டால் செலவு சிறிதே.