வாரிசு வரி கிடையாது! வாரிசுப் பட்டா எங்கே?

(வட்டாட்சியர் அலுவலகம் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



அப்பா காலமாயிட்டா அவர் நிலத்துக்கு நாம வரி கட்டணுமா? ஊருக்கு ஊர் கேட்கிற கேள்வி இது. 2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி வரப்போகுதுன்னு கிளம்பிய பேச்சு பல பேரைப் பயமுறுத்திவிட்டது.

உண்மையைச் சொல்கிறோம், கேளுங்கள். 1953-ல் மத்திய அரசு எஸ்டேட் டூட்டி என்று ஒரு வரி கொண்டுவந்தது. செத்தவர் விட்டுப்போன சொத்துக்கு வரி. 1985-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை வாரிசு வரி கிடையாது. வாரிசாக வந்தாலும், உயில் மூலம் வந்தாலும், நிலத்துக்கும் பணத்துக்கும் வருமான வரி இல்லை. பேங்க் டெபாசிட் வந்தால் அசலுக்கு வரி இல்லை. அதற்குப் பின் ஏறும் வட்டி மட்டும் உங்கள் வருமானம்.

வந்த நிலத்தை விற்றால்? கிராமத்து விவசாய நிலமாக இருந்தால் லாபத்துக்கு வரி இல்லை. நகராட்சி, மாநகராட்சி பக்கம் இருந்தால் ஜாக்கிரதை. அந்த ஊர் ஜனத்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். எல்லைக்குள் இருந்தால் லாபத்துக்கு வரி உண்டு.

வரி இல்லைன்னா நமக்கு என்ன கஷ்டம்? பட்டா இன்னும் தாத்தா பேரில் கிடக்கிறதே! தாத்தா பேர்ப் பட்டாவை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனால் பயிர்க்கடன் கிடைக்குமா? ரோட்டுக்கு நிலம் எடுத்தால் இழப்பீடு யார் கைக்கு வரும்? வாரிசுகள் பேரில் கூட்டுப் பட்டா வாங்க, பத்திரம் எழுத வேண்டியதில்லை. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து மனுக் கொடுத்தால் மாற்றித் தரவேண்டும். மாதக்கணக்கில் அலைய விடுவது என்ன நியாயம்?

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீங்க. கூடப் பிறந்த பொம்பளைப் பிள்ளை பேரை வாரிசுச் சான்றில் மறைக்காதீங்க. தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுக்க 2005-ல், மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தாச்சு. மறைத்தால் வழக்குதான் மிஞ்சும்.

உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு எழுதிவைக்கலாம் என்றால் அங்கேயும் அடி! குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 25,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 4,000 ரூபாயாக இருந்தது. 2023 ஜூலையில் 40,000, 10,000 என்று ஏற்றினார்கள். வழிகாட்டி மதிப்பு 40 லட்சம் என்றால் முன்பு 29,000 ரூபாய்; ஏற்றிய பின் 50,000 ரூபாய்! வாரிசு வரி இல்லை என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறமாக வசூலிப்பது இது இல்லாமல் வேறென்ன?

ஆகவே கேட்கிறோம்:

1. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் முகாம் போட்டு வாரிசுப் பட்டா மாற்றிக் கொடு!

2. வாரிசுச் சான்றுக்குக் கெடு வைத்து, அதற்குள் வழங்கு!

3. சிறு, குறு விவசாயிகளின் குடும்பப் பத்திரங்களுக்கு 2023-ல் ஏற்றிய கட்டணத்தைக் குறை!

யார் வந்து "வாரிசு வரி" என்று காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். ரசீது கேளுங்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒருவர் திரண்டு வந்தால் பட்டா தானாக நம் கைக்கு வரும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!