பதவி ஓர் அமானிதம்: ஊராட்சித் தேர்தலில் நிற்க எண்ணுவோருக்கு

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், நம் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

உள்ளாட்சித் தேர்தல் என்ற பேச்சு எழுந்தவுடன், "நாம் நிற்கலாமா?" என்ற கேள்வி ஊர்தோறும் நம் இளைஞர்களிடையே எழுகிறது. சிலர் "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று விலகிக்கொள்கின்றனர். வேறு சிலரோ எப்படியாவது அந்த நாற்காலியில் அமர்ந்துவிட வேண்டும் என்று துடிக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே மார்க்கம் காட்டும் வழி எது என்பதை இன்று சிந்திப்போம்.

2011ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் 2019 டிசம்பர் வரை தமிழகக் கிராமங்களில் ஊராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. அந்த டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. குழாயில் தண்ணீர் வராதபோதும், தெருவிளக்கு எரியாதபோதும் எவருடைய வீட்டு வாசலில் போய் நிற்பது என்று மக்கள் தவித்ததை நாம் அறிவோம். உள்ளூர்ப் பிரதிநிதி என்பவரின் அருமை அவர் இல்லாதபோதுதான் தெரிகிறது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, சாலை, சுகாதாரம் ஆகிய ஊராட்சியின் பணிகள் அனைத்தும் அந்தக் கிளையைச் சேர்ந்தவையே. ஆகவே இது மார்க்கத்திற்குப் புறம்பான வேலை என்று எவரும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

பதவியைக் கேட்கலாமா?

இங்கே ஒரு கேள்வி எழும். பதவியைக் கேட்டுப் பெறாதே. கேட்டுப் பெற்றால் அதனிடமே நீ விடப்படுவாய், கேளாமல் கிடைத்தால் இறையுதவி கிடைக்கும் என்று அப்துர் ரஹ்மான் பின் சமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தவில்லையா? பொறுப்பைக் கேட்டு வந்த இருவருக்கு, ஆசைப்பட்டுக் கேட்பவரிடம் இதை நாம் ஒப்படைப்பதில்லை என்று மறுத்துவிட்டதை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கவில்லையா? வேட்புமனு என்பதே "எனக்குத் தாருங்கள்" என்று கேட்பதுதானே?

சகோதரர்களே! அதே மார்க்கத்தில்தான் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறும் உள்ளது. பஞ்சம் வரப்போவதை அறிந்த அவர்கள், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு மன்னரிடம் தாமே முன்வந்து கேட்டார்கள். தாம் பாதுகாப்பவர், விவரம் அறிந்தவர் என்ற இரு தகுதிகளையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள் (12:55). தம் குலத்தையோ செல்வத்தையோ சொல்லவில்லை.

ஆசைக்காகக் கேட்பதே தடுக்கப்பட்டது. தகுதியுள்ளவர் ஒதுங்கினால் மக்களின் உரிமை பாழாகும் என்ற நிலையில் முன்வருவதற்கு யூஸுஃப் (அலை) அவர்களிடம் முன்மாதிரி உண்டு என்று மார்க்க அறிஞர்கள் விளக்குவர். தன் உள்ளத்தில் இருப்பது இவ்விரண்டில் எது என்பதை வேட்பாளர்தான் அறிவார். அவரைவிட நன்றாக அல்லாஹ் அறிவான்.

நல்லவராக இருப்பது மட்டும் போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அபூதர் (ரலி) அவர்களின் வாய்மையை எவரும் ஐயுற முடியாது. ஆயினும் அவர்கள் பொறுப்புக் கேட்டபோது, நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம், உரிய முறையில் ஏற்றுக் கடமையை நிறைவேற்றியவருக்கே தவிர மற்றவர்களுக்கு மறுமையில் இது இழிவும் கைசேதமும் ஆகும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும், அலுவலகத்தில் மனு எழுதிப் பின்தொடரவும், கூட்டத்தில் எழுந்து பேசவும் இயலாதவர் எவ்வளவு நல்லவரானாலும், அவற்றைக் கற்றுக்கொண்ட பிறகே முன்வர வேண்டும்.

சட்டத்தை அறிந்து நில்லுங்கள்

நிற்க முடிவு செய்தவர் முதலில் செய்ய வேண்டியது, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரிப்பாக்கி இருந்தால் கட்டி ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். ஊராட்சியில் ஒப்பந்தப் பணி எடுத்து நடத்துபவர் நிற்க முடியாது. வார்டு பொது வார்டா, பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதா, பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும்.

வேட்புமனுவில் ஒரு வாக்காளர் முன்மொழிய வேண்டும். தம் மீதுள்ள வழக்குகளையும் சொத்துகளையும் கடன்களையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுத வேண்டும். அதில் ஒன்றை மறைப்பது பொய்ச் சத்தியம் என்பதை மறந்துவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்குக் காப்புத்தொகை 200 ரூபாய்; தலைவருக்கு 600 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு இதில் பாதி. செலவு உச்சவரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் அப்போது வரையறுத்தது. புதிய அறிவிப்பு வரும்போது அதில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு வெளியான 30 நாட்களுக்குள், வென்றவரும் தோற்றவரும் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தவறினால் தகுதிநீக்கத்திற்கு ஆளாக நேரிடும்.

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சியின் நிழலோ கொடியோ இன்றி, தன் நற்பெயரை மட்டும் முன்வைத்து ஒரு சாதாரண மனிதர் நிற்கக்கூடிய தேர்தல் இது. இந்த வாய்ப்பைப் பணத்தால் கெடுப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஏலம் வேண்டாம்

2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சில கிராமங்களில் பதவி ஏலம் விடப்படுவதாகச் செய்திகள் வந்தன. மாநிலத் தேர்தல் ஆணையமும் எச்சரித்தது. ஊர் ஒற்றுமை என்ற பெயரில் நம் ஜமாஅத்துகள் இந்தப் பாவத்தில் விழுந்துவிடக் கூடாது. அந்தப் பணம் பள்ளிவாசல் கட்டடத்திற்கே வந்தாலும் அது பதவியின் விலைதான். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). அதிகம் கொடுப்பவரிடம் ஒப்படைக்குமாறு அவன் சொல்லவில்லை.

வலிமையும் நம்பிக்கையும் உடையவரே பணியமர்த்தச் சிறந்தவர் என்று மூஸா (அலை) அவர்களைப் பற்றி அந்தப் பெண்மணி தம் தந்தையிடம் சொன்னதைக் குர்ஆன் நமக்கு எடுத்துரைக்கிறது (28:26). ஜமாஅத் கூடி ஆலோசிக்கட்டும், தகுதியானவரை ஊக்குவிக்கட்டும். ஆனால் எவரையும் நிற்காதே என்று மிரட்டவோ, ஊர்விலக்கம் செய்வோம் என்று அச்சுறுத்தவோ ஜமாஅத்திற்கு உரிமை இல்லை. வாக்கு என்பது ஒரு சாட்சியம். சாட்சியத்தை விலைக்கு வாங்குபவரும் விற்பவரும் லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் என்ற இருவரில் அடங்குவர்; அவ்விருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். அது குங்குமச்சிமிழாக வந்தாலும் பிரியாணிப் பொட்டலமாக வந்தாலும் ஒன்றுதான்.

ஐம்பது விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு

2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் மனைவியின் பெயரில் மனு, கணவரின் கையில் நிர்வாகம் என்ற வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஓர் அமானிதத்தை ஒருவர் பெயரில் பெற்று மற்றவர் அனுபவிப்பது நேர்மையாகுமா? ஹுதைபிய்யாவில் தோழர்கள் தயங்கி நின்ற வேளையில் நபி (ஸல்) அவர்கள் கேட்டு நடந்தது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை அல்லவா? உங்கள் மனைவியோ மகளோ சகோதரியோ நின்றால், கூட்டத்திற்கு அவரே செல்லட்டும். ஆவணத்தைப் படித்து அவரே கையெழுத்திடட்டும். ஒழுக்கத்திற்கும் பாதுகாப்பிற்கும் துணை நில்லுங்கள். அவருடைய நாற்காலியில் அமராதீர்கள்.

வென்ற பிறகு

ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு உரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒப்பந்ததாரர் பெருநாளன்று அனுப்பும் ஆட்டையும் துணிமணியையும் இந்தக் கேள்வியால் நிறுத்துப் பாருங்கள். தேர்தலில் பல லட்சம் இறைத்தவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார்? சாக்கடைக்கு ஒதுக்கிய சிமெண்டிலிருந்துதான். ஆகவே செலவைக் குறைப்பதே பிற்காலத்து ஹராமைத் தடுக்கும் முதல் வேலி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று விதித்திருக்கிறது. இந்த மண்ணின் மரபும் கணக்கைத்தான் கேட்கிறது. கிராம சபையில் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதாதீர்கள். தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு முதல் உரையிலேயே மக்களிடம் கேட்டுக்கொண்டவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்கள்.

வாக்களிக்காத தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது இறைக்கட்டளை (5:8). மாற்று மதச் சகோதரர்களின் தெருவும், காலனியும், எதிர்த்து நின்றவரின் வீடும் உங்கள் பொறுப்பில் உள்ளவையே. ஒவ்வொருவரும் மேய்ப்பரே; தம் மந்தையைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார்.

தோற்றவர் மனம் தளர வேண்டாம். வென்றவருக்கு முதலில் ஸலாமோ வணக்கமோ சொல்பவர் நீங்களாக இருங்கள். அடுத்த கிராம சபையில் உங்கள் கேள்விக்கும் இடமுண்டு.

யா அல்லாஹ்! தகுதியற்ற ஆசையிலிருந்து எங்களைக் காப்பாயாக! தகுதியுள்ளவர்களின் தயக்கத்தைப் போக்குவாயாக! எங்கள் ஊர்களின் பொறுப்பை அமானிதம் பேணுவோரிடம் ஒப்படைப்பாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.