'பால் பத்தல' என்று யார் சொல்வது?

(கோரிமேட்டில் மாணவர்களும் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்ப்பாலைப் பற்றி ஒரு ஆம்பளை, அதுவும் பேங்க் கிளார்க், என்னத்தைப் பேசிவிடப் போகிறான் என்று பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறது. சிரியுங்கள். 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று இதை ஒதுக்கி வைத்ததால்தான் கூலி, நேரம், சாதி என்று நாம் தினமும் பேசுகிற எதுவும் இதற்குள் நுழையாமலே போனது.

இங்கே ஜிப்மர் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எல்லை தாண்டி திண்டிவனம், விழுப்புரம் பக்கமிருந்து கைப்பிள்ளையோடு பஸ் இறங்குகிற கூலிக்காரப் பெண்களைக் கேளுங்கள். 'பால் பத்தலங்க' என்பார்கள்.

பெரும்பாலும் பால் இருக்கிறது. பிறந்த அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் போதும். மஞ்சளாய்க் கெட்டியாய் வருகிற சீம்பால் அதற்குத்தான். அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணியும் கழுதைப்பாலும் புகட்டுகிறோம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை சப்ப வேண்டும். முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் 6 தடவைக்குக் குறையாமல் ஒண்ணுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது.

காம்பு வெடித்து ரத்தம் வருகிறதா? பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது. வாயை அகலத் திறக்கவைத்து, சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் உள்ளே போகும்படி பிடிக்கவைக்க வேண்டும். கடைசியில் வருகிற பாலில் ரெண்டு சொட்டைப் புண்ணில் தடவி உலரவிடலாம். பால் கட்டிக்கொண்டு கல்லாய்க் கனத்தால், வெந்நீரில் நனைத்த துணியை ஒத்திக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது. காய்ச்சலடித்து, மார்பு சிவந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் அந்தப் பக்கத்துப் பாலை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கட்டு இன்னும் இறுகும்.

இதெல்லாம் எந்த நர்சும் சொல்வார். ஆனால் விடிகாலையில் நடவுக்குப் போய் மதியம் திரும்புகிறவள் 8 தடவை எப்படிக் கொடுப்பாள்? கவுண்டருக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் ரவிக்கை பாலில் நனைந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வீட்டில், மூத்த பெண்ணின் இடுப்பில். பால் பத்தாத உடம்பா அது? பத்தாதது நேரம். அந்த வேலைக்கான 2005ஆம் வருடச் சட்டத்தில், அஞ்சு சின்னப் பிள்ளைகள் வந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை ஏரிக்கரையில் பார்த்தீர்கள்?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களின் பேறுகால மசோதாவுக்காக அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்றார். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமானது. எங்கள் பேங்கில் பெண் ஊழியருக்குச் சம்பளத்தோடு அது கிடைக்கிறது. களையெடுக்கிறவளுக்கு? அவள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இல்லை.

அதனால் வேலைக்குப் போகுமுன் பீய்ச்சி வைக்கிற பழக்கத்தையாவது ஊருக்குள் சொல்லுங்கள். கையைக் கழுவி, கொதிக்கவைத்த எவர்சில்வர் டம்ளரில் எடுத்து மூடி, நிழலில் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும். புட்டி வேண்டாம், பாலாடையில் புகட்டலாம். பாட்டிமார்கள் கையிலிருந்த பாலாடை இன்றைக்குக் குறைமாதப் பிள்ளைகளின் வார்டிலும் இருக்கிறது.

இன்னொன்று. ஜிப்மரில் 2016இல் 'அமுதம்' என்று தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989லேயே வந்துவிட்டது. கொடுக்கிற தாயின் ரத்தத்தைச் சோதித்து, பல பேர் பாலை ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடுபடுத்தி, உறையவைத்துக் குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். சேரிக்காரி பாலும் ஊர்க்காரி பாலும் ஒரே பாத்திரத்தில்! டீக்கடையில் தனி டம்ளர் வைத்தவன் பேரப்பிள்ளை எந்தப் பாலில் பிழைத்தது என்று யாருக்கும் தெரியாது. (எனக்கு இதில் சந்தோஷம், மறைக்கவில்லை.)

நாமும் மாநாட்டுப் பந்தலுக்குக் கொடிக்கம்பு எத்தனை, மைக் எத்தனை என்று கணக்குப் போடுகிறோம். கைப்பிள்ளைக்காரித் தோழர் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பார்? அடுத்த கூட்டத்துக்கு ஒரு மூலையில் நாலு புடவையைத் தடுப்பாகக் கட்டி, ஒரு பாயும், ஒரு பானைத் தண்ணியும், ஒரு தூளியும். தூளி ஆட்ட ஆம்பளைத் தோழர்கள் முறை போட்டுக்கொள்ளட்டும். முதல் முறைக்கு என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.